ஆறாவது கிராஸில் ஓர் அறை

சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
8 பிப்ரவரி 1999

பிரிசில்லாவுக்கு,

நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டதைப் பால் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் பக்கத்து லைன் வீட்டுக்காரர் ஒருவர், பத்துப் பேர் நடுவில், "இன்னா பால்ராஜ், உன் தங்கச்சி தனியா கிளினிக் போடுதாமே, சொல்லவே இல்ல?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். கூடப்பிறந்தவனை அந்தப் பொய்யையும் சொல்ல வைத்துவிட்டாய்.

அப்பா பாறை சரிந்து செத்தபோது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினெட்டு. மூன்றாவது மாதம் அதே சுரங்கத்தில் இறங்கினேன். நீ படித்தாய். பெரிய கட்டடம், மேலே நாலு டாக்டர், மாசம் பிறந்தால் சம்பளம் என்று நீ பயமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உன்னை நர்ஸிங் சேர்த்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

சந்துக்குள் அறை எடுத்து, டாக்டர் இல்லாமல் ஊசி போடப் போகிறாயா? எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும்.

உடனே பதில் எழுது. போன் செய்யாதே. பூத்தில் நின்றுகொண்டு பேசுகிற விஷயம் இல்லை இது.

பால்ராஜ்


ஸ்ரீராம்புரம், பெங்களூர்
14 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

முன்பே சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. தப்புதான்.

என் வார்டில் லட்சுமம்மா என்று ஒருவர் இருந்தார். கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை, வீடு என் பக்கத்துச் சந்து. சர்க்கரை நோய், கால்விரலில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்பினோம். இரண்டு முறை வந்தார். பிறகு ஒரு மாதம் கழித்து வந்தபோது இரண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. ஏன் வரவில்லை என்று கத்தினேன். "சிஸ்டர், ஒம்போது மணிக்கு வான்றீங்க. அஞ்சரைக்கு மஸ்டர்ல பேர் குடுக்கணும். ஒரு நாள் கட்டுக்கு ஒரு நாள் கூலி போவுது. விரல்னா பத்து இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நூறு அடி. காலை ஐந்து மணிக்கு ஒரு கதவு திறந்திருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்கும். இதைத்தான் செய்யப் போகிறேன். காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து எட்டு. கட்டு மாற்றுவது, பிரஷர், சர்க்கரை பார்ப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போடுவது. இருபத்திரண்டு வருஷம் செய்ததுதான்.

செலவை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்பீர்கள். ஆறாவது கிராஸில் ஒரு அறை, வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் அட்வான்ஸாக நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டார். கட்டில், செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ், கொதிக்க வைக்கும் பாத்திரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்ந்து இன்னொரு இருபத்தைந்தாயிரம். என் பி.எஃப். பணம் பெரும்பாலும் முடிந்தது. நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

நர்ஸ் பெயரில் மட்டும் பலகை மாட்டினால் தொந்தரவு வரும் என்கிறார்கள். மல்லேஸ்வரத்தில் டாக்டர் சுந்தரேசன் என்று ரிட்டையர் ஆனவர் இருக்கிறார். பலகையில் அவர் பெயர் இருக்கும், வாரம் இரண்டு நாள் வந்து பார்ப்பார். அதற்கு மாதம் மூவாயிரம்.

பயப்படாதீர்கள். அண்ணிக்கு என் அன்பு.

பிரிசில்லா


சாம்பியன் ரீஃப்
22 பிப்ரவரி 1999

பிரிசில்லாவுக்கு,

பயப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். இதே வார்த்தையை முன்பு ஒரு தடவையும் எழுதினாய்.

பதினைந்து வருஷமாக நான் வாய் திறந்ததில்லை. இன்று எழுதுகிறேன். என் பிள்ளை மெர்சிக்கு அப்போது ஆறு வயது. தொண்டை வீங்கிக் காய்ச்சல் என்று உனக்கு எழுதினேன். "பென்சிலின் ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும், பயப்படாதீர்கள்" என்று பதில் போட்டாய். பஜார் பக்கம் பழைய கம்பவுண்டர் ஒருவர் அறை வைத்திருந்தார். வாரம் ஒரு நாள் டாக்டர் வருவார் என்று அவர் பலகையிலும் எழுதியிருந்தது. ஊசி போட்டுப் பத்து நிமிஷம். உன் அண்ணி சம்பூர்ணத்தின் மடியிலேயே பிள்ளை போய்விட்டது.

உன் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. உன் அண்ணி ஏன் உன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று உனக்கே தெரியும்.

இப்போது நீயே அந்த அறையில் உட்காரப் போகிறாய். அந்த வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன்.

பால்ராஜ்


ஸ்ரீராம்புரம்
1 மார்ச் 1999

அண்ணனுக்கு,

அந்தக் கடிதத்தை நான் மறந்த நாள் இல்லை. நீலநிற இன்லேண்ட். டூட்டி முடிந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது முழங்காலில் வைத்து எழுதினேன். உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கம்பெனி ஆஸ்பத்திரியிலேயே போடுங்கள் என்று இன்னொரு வரி எழுதியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது. மடித்து ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

அந்த வரியை அதன் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸிடமும், ஒவ்வொரு நோயாளியிடமும்.

மார்ச் பதினைந்தாம் தேதி அறையைத் திறக்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

பிரிசில்லா


ஸ்ரீராம்புரம்
20 ஜூன் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நீங்கள் இதைக் கிழித்துப் போடலாம். சொல்ல வேறு யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

தினமும் நாற்பது பேர் வருகிறார்கள். லட்சுமம்மா விளக்குமாற்றை வாசலில் சாய்த்துவிட்டு முதல் ஆளாக வந்து காலை நீட்டுகிறார். புண் ஆறிவருகிறது. எல்லோரும் என்னை "டாக்டரம்மா" என்கிறார்கள். "நான் நர்ஸும்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் சில சமயம் சொல்வதில்லை. அதைத்தான் முதலில் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விஷயம். டாக்டர் சுந்தரேசன் முதல் மாதம் எட்டு நாள் வந்தார். இரண்டாவது மாதம் இரண்டு நாள். பிறகு வரவே இல்லை. போய்க் கேட்டேன். காபி கொடுத்து உட்கார வைத்தார். "இந்த முழங்காலை வெச்சுண்டு உங்க சந்துக்குள்ள என்னால வர முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே எழுதிக்கோங்கோ" என்று மருந்துச் சீட்டுக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஐம்பது தாள். எல்லாவற்றிலும் கீழே கையெழுத்து. மேலே ஒன்றும் இல்லை.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் அண்ணா. வேண்டாம் என்று சொன்னால் பெயரை எடுத்துவிடுவார். பெயர் போனால் பலகை போகும்.

மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மாவுக்குக் காய்ச்சல், கால் மறுபடி சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நாளைக்குப் போகிறேன் என்றார். அவர் நாளைக்குப் போகமாட்டார். டிராயரைத் திறந்து ஒரு தாளில் மருந்து எழுதினேன். என்ன மருந்து, எத்தனை நாள் எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். காய்ச்சல் விட்டது. ஆனால் எழுதும்போது கையெழுத்துக்கு மேலே என் எழுத்தைப் பார்த்தேன். திருடுகிற மாதிரி இருந்தது.

நாற்பத்தொன்பது தாள் இன்னும் இருக்கிறது.

பிரிசில்லா


சாம்பியன் ரீஃப்
27 ஜூன் 1999

பிரிசில்லாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன்.

அந்தத் தாள்களை நாளைக்கே கொண்டுபோய் அந்த மனுஷர் கையில் கொடு. நாற்பத்தொன்பது என்று எண்ணிக் கொடு. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கு. முப்பத்து நாலு வருஷம் பூமிக்கு அடியில் வேலை செய்தவன் சொல்கிறேன், கேள். கையெழுத்துப் போடுகிறவர் எப்போதும் மேலே இருப்பார். வெடி வைக்கிறவன்தான் கீழே இருப்பான். கல் விழுந்தால் கையெழுத்து மேல் விழாது.

பலகை போனால் போகட்டும். சுரங்கத்தை மூடப் போவதாக இங்கே பேச்சு. எனக்கும் இருமல் விடவில்லை. நீ போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

கொடுத்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. அது போதும்.

பால்ராஜ்


ஸ்ரீராம்புரம்
19 ஜூலை 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கொடுக்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

போன செவ்வாய் மாலை ருக்மிணி என்ற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, கார்மெண்ட்ஸில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயம் கெட்டுப்போனவள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின். ஏழெட்டு வருஷமாகப் போட்டுக்கொள்கிறாள். என்னிடமே நான்கு தடவை போட்டிருக்கிறாள். சீட்டைப் பார்த்தேன். டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தேன். டெஸ்ட் போட்ட இடத்தில் தடிப்பு எதுவும் இல்லை. ஊசியைப் போட்டேன்.

"சிஸ்டர், நாக்கு தடிப்பா இருக்குது" என்றாள். அடுத்த நிமிஷம் உதடு வீங்கிவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. நாடி கைக்குக் கிடைக்கவில்லை.

பென்சிலின் போடும்போதெல்லாம் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் உயிரைக் காக்கும் அட்ரினலின் மருந்தைப் பக்கத்துத் தட்டில் உடைக்கத் தயாராக வைத்துக்கொள்வது என் பழக்கம். வார்டில்கூட என்னைக் கேலி செய்வார்கள். யாரையும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. அரை மில்லி தொடையில் போட்டேன். காலைத் தூக்கி வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகுதான் நாடி விரலுக்கு வந்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துக்கொண்டாள் அண்ணா. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் செத்துவிட்டாள் என்று சந்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் புருஷனும் நாலு பேரும் வந்து கண்ணாடி, ஃப்ரிட்ஜ், பலகை எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. டிராயரும் உடைந்து கிடந்ததால் அந்தத் தாள்கள் தரையெல்லாம் பறந்திருந்தன.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "நீவு டாக்டரேனம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை, நர்ஸ் என்றேன். டாக்டருக்குப் போன் போட்டார்கள். தன் வீட்டிலிருந்து அந்தத் தாள்களை நான் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "ஒண்ணுலயாவது நீங்க எழுதினீங்களா? இல்லேன்னு சொல்லுங்க, விஷயம் சின்னதாயிடும்" என்று இன்ஸ்பெக்டரே வழி காட்டினார். எழுதினேன் என்று சொன்னேன். யாருக்கு, என்ன மருந்து என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அறை பூட்டிக் கிடக்கிறது. நர்ஸிங் கவுன்சில் விளக்கம் கேட்டிருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் போனால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டுப் போடக்கூட முடியாது.

நீங்கள் சொன்னதெல்லாம் நடந்துவிட்டது. ஒன்றே ஒன்று. ஆட்டோவில் ருக்மிணிக்கு மூச்சு சீரானபோது என் வாயில் மெர்சி பெயர்தான் வந்தது. அண்ணியிடம் சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லவில்லை. சொன்னால் போதும்.

பிரிசில்லா


சாம்பியன் ரீஃப்
26 ஜூலை 1999

பாப்பா,

உன் கடிதத்தைச் சம்பூர்ணத்துக்குப் படித்துக் காட்டவில்லை. முடியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

மெர்சிக்கு ஊசி போட்டது வெள்ளிக்கிழமை காலை. கம்பெனி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை நீளமாக இருந்தது. எட்டு மணி ஷிப்ட். அந்த வாரம் ஏற்கெனவே ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. கம்பவுண்டர் அறையில் யாரும் இல்லை. உடனே போட்டுவிடுவார் என்று நான்தான் அங்கே போகலாம் என்றேன். சம்பூர்ணம் வேண்டாம், காத்திருப்போம் என்றாள். நான் அதட்டினேன்.

சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை நீ பெங்களூர் திரும்பினாய். திங்கட்கிழமை தபால்காரர் உன் இன்லேண்டைக் கொடுத்தார்.

ஆமாம். திங்கட்கிழமை. உன் கடிதத்தைப் பார்த்து நான் ஒன்றும் செய்யவில்லை. அது வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் சம்பூர்ணம் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "பிரிசில்லாதான் ஊசி போடச் சொல்லி எழுதியிருந்துச்சு, அதான் போனேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் பார்வை என்னை விட்டுவிட்டது. சில வருஷம் போனதும் எனக்கே அதுதான் நிஜம் மாதிரி ஆகிவிட்டது. பிப்ரவரியில் உனக்கு எழுதியபோதுகூட நான் பொய் எழுதுகிறேன் என்று நினைக்கவில்லை. நேற்றுப் பெட்டியைத் திறந்து தபால் முத்திரையில் தேதியைப் பார்த்தேன்.

போலீஸிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

பால்ராஜ்


சாம்பியன் ரீஃப்
22 ஆகஸ்ட் 1999

பாப்பா,

பதில் இல்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. கவுன்சிலில் என்ன சொன்னார்கள் என்று மட்டுமாவது எழுது. வக்கீலுக்குக் கொடுக்க நாலாயிரம் மணியார்டர் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

பால்ராஜ்


ஸ்ரீராம்புரம்
26 செப்டம்பர் 1999

அண்ணனுக்கு,

கேட்டதற்குப் பதில். கவுன்சிலில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ருக்மிணியே போய் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் சுந்தரேசனும் கடைசியில் தாள்களைத் தானே கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். வெறும் தாளில் ஐம்பது கையெழுத்து எதற்குப் போட்டு வைத்தார் என்று கேட்டிருப்பார்கள். போலீஸும் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

வைத்தீஸ்வரன் அறையைக் காலி செய்யச் சொன்னார். லட்சுமம்மாவும் அவரோடு வேலை செய்கிற பதினைந்து பேரும் மஸ்டர் முடிந்து நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். சண்டை போடவில்லையாம். சும்மா நின்றார்களாம். மார்ச் வரை டைம் கொடுத்திருக்கிறார்.

புதுப் பலகை மாட்டியிருக்கிறேன். தமிழிலும் கன்னடத்திலும் என் பெயர், பதிவு எண், "நர்ஸ்". அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் "இங்கே டாக்டர் இல்லை". முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். நேற்று பதினான்கு. மருந்து எழுதுவதில்லை. பென்சிலின் போடுவதில்லை. எழுதித் தர வேண்டியவர்களை நானே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அதில் பாதி நாள் போகிறது. இந்த வருமானத்தில் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று தெரியவில்லை. புது ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை.

இனி உங்கள் கடிதம். இரண்டு மாதமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

ஷிப்டுக்கு ஓடிய மனுஷனை நான் திட்ட மாட்டேன். கட்டு மாற்ற வராத லட்சுமம்மாவைத் திட்டியவள் நான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த வேலையும் எனக்காகத்தான் நீங்கள் எடுத்தது. ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து கிறிஸ்துமஸ். ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அண்ணி என் தட்டில் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை எப்படி அண்ணா பார்த்தீர்கள்?

பென்சிலினைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்தேன், அதில்தான் ருக்மிணி பிழைத்தாள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதீர்கள்.

பணம் அனுப்பாதீர்கள். என்னிடம் மன்னிப்பும் கேட்காதீர்கள். அண்ணியிடம் சொல்லுங்கள். முழுவதையும் சொல்லுங்கள், திங்கட்கிழமை உட்பட. அதைச் சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் இருமலுக்குச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அங்கே வரிசையில் நில்லுங்கள்.

பிரிசில்லா


சாம்பியன் ரீஃப்
11 அக்டோபர் 1999

பாப்பா,

வியாழக்கிழமை உன் அண்ணியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை. முடித்ததும், "வேணாம் நிக்கலாம்னு நான் சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு போடுகிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நீ கேட்டதற்கு இப்போதுதான் எனக்குப் பதில் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வரிசையில் நின்றுதான். முடிவு அடுத்த வாரம்.

நேற்று கோயிலிலிருந்து வந்ததும் உன் கடிதம் எல்லாவற்றையும் தானே பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். என்னைப் படிக்க விடவில்லை. திண்டாடித் திண்டாடி அந்தப் பெண் படித்தது. ருக்மிணி பிழைத்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். மெர்சி பெயர் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இன்று காலை, அந்தப் பெண் மூலமாகவே, பெங்களூருக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டாள். நானும் சட்டையை எடுத்தேன். "அவரு வரவேண்டாம்னு சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை வருகிறாள். தனியாக. கல்யாணமான பிறகு அவள் தனியாக ரயில் ஏறியதே இல்லை. கண்டோன்மெண்டில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஸ்டேஷன் வாசலில் நிற்காதே, பிளாட்பாரத்துக்குள்ளேயே வா. கூட்டத்தில் பயந்துவிடுவாள். பச்சைப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் நீ ஒன்றும் பேச வேண்டாம். அவளே பேசுவாள் என்று நினைக்கிறேன்.

பால்ராஜ்